பின்பக்கத்து மூன்று அறைகள்

மதுரங்குளிச் சந்தியிலிருந்து கடல் பக்கம் போகும் வீதியில் அந்த வீட்டை வாங்கியபோது, வீட்டைவிட அதன் பின்னால் இருந்த மூன்று அறைகள்தான் எங்களை இழுத்தன. மூன்றிலும் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. நான் ஓய்வு பெற்றிருந்த நேரம். பிரதேச சபை அனுமதித்த வரைபடத்தில் அந்த அறைகள் இல்லை. விற்றவரிடம் கேட்டேன்.

“இந்தப் பக்கம் ஆரு நானா பிளான் பாத்துக் கட்டுற?” என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாரி தொடங்கியதும் கழிவறைத் தண்ணீர் இறங்காமல் மேலே வந்தது. கழிவு உறிஞ்சும் பவுசர் லொறியை அழைத்து மலக்குழியை வெறுமையாக்கினோம். நாலு நாளில் திரும்பவும் நிரம்பியது.

“இது ஒரு வீட்டுக்குக் கட்டின குழி. நாலு வீட்டுச் சனம் பாவிச்சாத் தாங்குமா?” என்ற பவுசர்காரர், சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “கிணறு இவ்வளவு கிட்டவா?”

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அதிகாலையில் சுபஹு தொழுததும் கிணற்றடிக்குப் போய் வாளித் தண்ணீரை முகர்ந்து பார்ப்பேன். ஒரு மணமும் தெரியாது. உள்ளே வருவேன், மறுபடி போவேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் மனைவியும் மட்டும் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கிக் குடித்தோம்.

நடு அறையில் இருந்த பெண்ணின் குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தது. சிலாபம் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். குழந்தையோடு திரும்பி வந்தவள் நேரே எங்கள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

“நீங்க போத்தல் தண்ணி குடிக்கிறத நான் கண்டன், நானா. எங்களுக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லல்ல?”

“பயமா இருந்திச்சு, தங்கச்சி.”

“எதுக்கு?”

“எல்லாரும் உட்டுட்டுப் போயிருவீங்கண்டு.”

அவள் என்னை ஏசவில்லை. அன்று பின்னேரமே சாமான்களை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் நானாகவே சுகாதாரப் பரிசோதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றை மூடச் சொன்னார். அறைகளை அகற்றச் சொன்னார். மற்ற இரண்டு குடும்பங்களும் வேறு இடம் கிடைக்கும்வரை முன்வீட்டில் எங்களோடு நெருக்கியடித்து இருந்தன. கூரைத் தகரங்களை நானும் ஏறிக் கழற்றினேன். வளவின் கடைசி மூலையில் புதிதாகப் பெரிய மலக்குழி வெட்டினோம்.

போன மாதம் புத்தளம் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். குழந்தை அவள் கையைப் பிடித்து நடந்து வந்தது. சலாம் சொன்னாள். மனைவியைச் சுகம் விசாரித்தாள். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“பஸ் எடுக்கப் போறான் நானா, வாறன்” என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.