பெடலை மிதித்தவள்

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மைசூரில் எந்த மெக்கானிக்கிடமும் இடம் கிடைக்காது. என் காரின் முன்பக்க பிரேக் காலிபர் இரண்டும் இறுகிப்போய், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே வந்தன. வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். போனில் நாலு வீடியோ பார்த்தால் எதையும் செய்துவிடலாம் என்று நினைக்கிற ஆள் நான்.

என் மனைவிக்குத்தான் அவசரம். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள அவள் எல்.எல்.ஆர். வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய அம்மா குண்டலுபேட்டையில் தனியாக இருந்தார். போய்ப் பார்க்க என் லீவுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸில் நின்றுகொண்டே போக வேண்டும். "நானே ஓட்டிக்கிட்டுப் போயி சாயங்காலம் வந்துடுவேங்க" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். பிரேக் சரியாகட்டும், மறுநாளே சொல்லித்தருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாக்கும் தீரப்போகிறதே என்று உள்ளூர எரிச்சல்.

புதிதாக எது வாங்கினாலும் முதலில் சாமி முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். காலிபர்களை, இடது வலது என்று எழுதியிருந்த பெட்டியோடு வைத்திருக்கலாம். நான்தான் பிரித்து, சாமிக்கு வலப்பக்கம் வலது, இடப்பக்கம் இடது என்று பலகையில் பார்த்துப் பார்த்து வைத்தேன். அவள் இரண்டுக்கும் குங்குமம் இட்டாள். குளித்துவிட்டு வந்து எடுக்கும்போது, என் வலக்கைப் பக்கம் இருந்ததை வலது என்று எடுத்துக்கொண்டு போனேன். சாமி நம்மைப் பார்த்து நிற்கிறார், அவருடைய வலது நமக்கு இடது என்பது அப்போது உறைக்கவில்லை.

காரை ஜாக்கியில் தூக்கிப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். கச்சிதமாகப் பொருந்தின. பக்கம் மாறினாலும் பொருந்திக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்து, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் காலிபரில் உள்ள சின்னத் திருகைத் திறந்து பிரேக் ஆயிலோடு காற்றையும் வெளியே விடுவார். அவளை உட்காரச் சொன்னேன். டிரைவர் சீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. புடவையைச் சரிசெய்துகொண்டு, பின்னால் பார்க்கும் கண்ணாடியைக்கூட ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"மிதி. பிடி. விடு."

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஈரத் துணியை மிதிப்பதுபோல் பெடல் அமுங்கியதே தவிர இறுகவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கால்ல பலமே இல்லையா? சோறுதானே திங்கிறே?"

"நல்லாத்தாங்க மிதிக்கிறேன். சும்னே கத்தாதீங்க, பக்கத்துல பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஒரு பிரேக்கை மிதிக்கத் துப்பில்ல, இவ குண்டலுபேட்டைக்கு ஓட்டிக்கிட்டுப் போறாளாம். லாரிக்கு அடியிலதான் போயி நிப்பே."

ஆடி வெள்ளிகளில் சாமுண்டி மலையின் ஆயிரம் படியை ஒரே மூச்சில் ஏறுகிறவள் அவள். அந்தக் காலைத்தான் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தாள். பிறகு இரண்டு காலாலும் மிதித்தாள். பிறகு அழுதுகொண்டே மிதித்தாள். அவள் அழுதது எனக்கு இதமாக இருந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு இதமாகத்தான் இருந்தது.

மூன்றாவது மணி நேரத்தில், வழிந்த ஆயிலைத் துடைக்கக் குனிந்தபோது பார்த்தேன். திருகு காலிபரின் அடியில் இருந்தது. காற்று மேலேதான் போய் நிற்கும், திருகும் மேலேதான் இருக்க வேண்டும். இடதும் வலதும் மாறியிருந்தன. அவள் பொழுது சாயும்வரை மிதித்திருந்தாலும் அந்தக் காற்று போயிருக்காது.

"இன்னும் மிதிக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம். எழுந்து போயி சமையலைப் பாரு."

அவள் உள்ளே போனதும் இரண்டையும் கழற்றி இடம் மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பேங்கில் வேலை பார்த்து ரிடையரானவர், முட்டிவலிக்காரர், படி ஏறினாலே முனகுவார். அவர் மிதிக்க மிதிக்கப் பத்தே நிமிடத்தில் பெடல் கல்லாக இறுகியது.

"ஆய்த்தா சார்?" என்றார்.

அவரோடு எப்போதும் கன்னடத்தில்தான் பேசுவேன். அன்றைக்குச் சமையலறை ஜன்னலுக்குக் கேட்கும்படி தமிழில் சொன்னேன்: "ஆச்சு சார். இதுக்கெல்லாம் ஆம்பளைக் கால் வேணும்." அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். சிரித்தார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

பூஜையன்று காருக்கு மாலை போட்டது அவள்தான். போட்டுவிட்டு, எப்போதும்போல இடப்பக்கக் கதவருகே போய் நின்றாள். எல்.எல்.ஆர். காலாவதியானது. கற்றுத்தரும்படி அவள் மறுபடி கேட்கவில்லை. அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, கடைசி மூன்று மாதமும் சனிக்கிழமை தவறாமல் பஸ்ஸில் போய் வந்தாள். கார் வாசலில்தான் நின்றது.

போன மாதம் மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். மூவரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். "நீ ஏம்மா டிரைவிங் கத்துக்கல? நான் சொல்லித்தரேன், வா" என்று அம்மாவை இழுத்தாள்.

"வேண்டாம்மா, எனக்குக் கால்ல பலம் பத்தாது" என்றாள் என் மனைவி. முகத்தில் வருத்தமே இல்லை. நிறம் மாநிறம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். "அப்பாவே பாத்திருக்காரு. வேணும்னா கேளு."

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆமாம்" என்றேன்.