தனகோட்டி குரல் கொடுத்த சண்டைப் படம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனகோட்டியின் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா போய்ட்டாருங்க. டீ குடிச்சிக்கினே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். 

மணலூர்பேட்டையில் வீடியோ கடை வைத்திருந்த தனகோட்டியை உங்களில் பலருக்குத் தெரியும். அவன் கடைக்காரனாக வேண்டியவனே இல்லை என்பது சிலருக்குத்தான் தெரியும். தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவன். நான் லோயரிலேயே இரண்டு முறை கோட்டை விட்டவன்.

எங்கள் ஆட்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்த நாட்கள். பஸ் ஓடவில்லை. அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக்கோடு ஒரே ஒரு கேசட் இருந்தது, பழைய இங்கிலீஷ் சண்டைப் படம். தெருவே கூடி உட்கார, தனகோட்டி டி.வி. பக்கத்தில் நின்று கதையைத் தமிழில் சொல்லுவான். "இத்த நம்ம கல்ராயன் மலைன்னு வெச்சுக்கோங்க. இவனுங்க மேல மாட்டிக்கினானுங்க." சுற்றி வளைக்கப்பட்ட கேப்டன், 'ரிசர்வ்' படையை அனுப்பச் சொல்லி வயர்லெஸ்ஸில் கத்துவார். தனகோட்டி காதில் விழுந்ததோ வேறு. "கேட்டீங்களா? தொரையே ரிசர்வேஷன் கேக்கறாருப்பா!" விசில் கூரையைப் பிய்த்தது.

ரிசர்வ் என்றால் பின்னால் நிறுத்தி வைத்திருக்கும் படை என்று பிறகு நான்தான் சொன்னேன். அவன் அசரவில்லை. "அர்த்தம் தப்பா இருக்கலாம்டா. நாயம் சரிதானே?"

அடுத்த வாரம் மறியலுக்காகத் திருக்கோவிலூர் சாலையில் மரத்தை அறுத்துப் போட்டோம். ரம்பத்தின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை என் கையில். போலீஸ் வேன் வந்ததும் நான் கரும்புக் கொல்லைக்குள் ஓடிவிட்டேன். அவன் சிக்கினான். கூட இருந்தவன் யார் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்களாம். என் பெயரை அவன் சொல்லவேயில்லை.

இட ஒதுக்கீடு வந்தது. ஒரே தேர்வை எழுதினோம், இருவருமே தேறினோம். வேலையில் சேருமுன் நடக்கும் போலீஸ் விசாரணையில் அந்த மரம் வெட்டிய வழக்கு அவனை மறித்தது. எனக்குத் தாலுகா ஆபீசில் வேலை. வழக்கு தள்ளுபடியானபோது அரசு வேலைக்கான வயது அவனுக்குக் கடந்திருந்தது. அதைப் பற்றி நான் வாயெடுத்தாலே, "வுடுடா, ரெண்டு பேர்ல நீயாவது ஆபீசுல ஒக்காந்துகினு இருக்கியே" என்பான். திட்டித் தொலைத்திருக்கலாம்.

பிறகுதான் கடை வைத்தான். அந்தப் படத்தின் மேல் தன் குரலைப் பதிந்து ஒரு கேசட்டும் போட்டான். கள்ளக்குறிச்சியிலிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போனார்கள். எனக்குத்தான் பார்க்கத் துணிவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மகள் அதைப் போட்டுக் காட்டினாள். ரிசர்வேஷன் அப்படியே இருந்தது. "வந்துரும்பா, வந்துரும்" என்று சிப்பாய்களுக்கு ஆறுதல் வேறு சொல்கிறான். கடைசியில் அந்த ரிசர்வ் படை மலையேறி வருகிறது. மேலே ஒருவரும் உயிரோடில்லை.  தனகோட்டி மெதுவாகக் கேட்கிறான்: "இப்போ யாருக்குடா வந்தீங்க?"

அந்தக் கேசட்டை மட்டும் மகளிடம் கேட்டு வாங்கி வந்தேன். அந்த ரிசர்வேஷன் எனக்குத்தான் வந்தது, தனகோட்டி. உன் முகத்தைப் பார்த்து இதை நான் ஒருநாளும் சொல்லவில்லை.