பச்சை மைப் பேனாவின் வழக்கு

நான் தலைமையாசிரியர் ஆனதும் என் மனைவி எனக்கு ஒரு மைப் பேனா வாங்கிக் கொடுத்தாள். பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி வந்துவிட்டது, இனியும் சட்டைப்பையில் பால்பாயிண்ட் பேனாவா என்பது அவள் கட்சி. ஆன்லைனில் அவளே தேடி அவளே வரவழைத்தாள். வந்த வெள்ளிக்கிழமையே சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்தாள். கேஸ் சிலிண்டர் உட்பட எங்கள் வீட்டுக்குள் வரும் எதுவும் அந்த மரியாதை இல்லாமல் வேலையைத் தொடங்குவதில்லை.

இந்தப் பேனா மரியாதையை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்க மறுத்தது. கையெழுத்தில் பாதி வரும். மீதிக்கு உதற வேண்டும். உதறினால் தாளைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் மை விழும். மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், பாதி கையெழுத்துதாங்க இருக்குது. மீதிய எப்ப வந்து வாங்கிக்கறதுங்க?" என்று பணிவாகக் கேட்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வீட்டில் இவள் முகம் வாடிப்போனதைத்தான் தாங்க முடியவில்லை. இவள் வாங்கிய மிக்சி புகைந்தது, கடிகாரம் நின்றது, இப்போது பேனா.

"நான் எத வாங்கனாலும் இப்படித்தாங்க. எங்கையில ராசியே இல்ல."

அதற்குப் பிறகு காய்கறி வாங்கக்கூட அவள் கடைக்குப் போகவில்லை. ராசியில்லாதது கம்பெனிக்காரன் கை என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வாடிக்கையாளர் சேவை எண்ணில், என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் சொன்னது. முக்கியமானவர்களுக்கென்றே ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள்; அதை முழுசாகக் கேட்க வைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சார், பேனாவ எந்த ஆங்கிள்ல பிடிக்கிறீங்க?"

"எழுதற ஆங்கிள்லதாம்மா."

பேனாவின் படம் கேட்டார்கள், அனுப்பினேன். கையின் படம் கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். ஜாதகம்தான் பாக்கி. எழுதும் வீடியோ கேட்டபோது, அந்தத் துரோகிப் பேனா, கம்பெனிக்காரன் பார்க்கிறான் என்று தெரிந்ததுபோல் வழுக்கிக்கொண்டு எழுதியது. கடைசியாக, எங்கள் மையைத் தவிர வேறு ஏதாவது பொருள் நிப்பில் பட்டதா என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. எதுவும் படவில்லை, நாங்கள் கௌரவமான குடும்பம் என்று காட்டமாகப் பதில் எழுதி, அரூர் கூரியர் கடையில் பேனாவையும் அனுப்பிவைத்தேன்.

கொஞ்ச நாளில் அதே பெண் கூப்பிட்டாள்.

"சார், நிப் நல்லாத்தான் இருக்கு. நடுவுல இருக்கற ஓட்டையில மஞ்சளும் செவப்புமா ஏதோ அடைச்சிருந்துச்சு. சந்தன வாசனை வருதுன்னு சர்வீஸ்ல சொல்றாங்க. எங்க வீட்லயும் வண்டிக்குப் பொட்டு வைப்போம் சார். ஆனா பெட்ரோல் டேங்குக்குள்ள வைக்க மாட்டோம்."

நிப்பின் நடுவில் அந்தச் சின்ன ஓட்டை, பொட்டு வைப்பதற்கென்றே அமைத்த நெற்றிபோலத்தான் இருந்தது. மனைவி வைக்கும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன். சந்தனத்தையும் குங்குமத்தையும் யாராவது 'வேறு பொருள்' என்று நினைப்பார்களா?

"என்னாங்க சொல்றாங்க?" மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல நான் அரிச்சந்திரன் இல்லை.

"தப்பு அவங்களோடதாம். நிப்பே சரியில்லையாம்."

நான் சொன்னது மறுமுனையிலும் கேட்டிருக்கிறது. அந்தப் பெண், "ஸ்பீக்கர்ல போடுங்க சார்" என்றாள். போட்டேன்.

"மேடம், தப்பு எங்களோடதுதான். மன்னிச்சிடுங்க."

இத்தனை நாளில் அந்தக் கம்பெனி எனக்குச் செய்த ஒரே சேவை அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுத்தம் செய்த பேனா திரும்பி வந்த அன்று, என் மனைவியே கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்திருந்தாள். நான் பெட்டியைப் பிரிப்பதற்குள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"போன வாட்டி கொஞ்சமா வெச்சிட்டேனாட்டம் இருக்குதுங்க. இந்த வாட்டி நல்லா வெக்கறேன், குடுங்க."

முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானே மூடியைக் கழற்றி நீட்டினேன்.