கடவத்தை எடுத்துக்கொண்டு நடந்தோம்

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் வீட்டில் இல்லை. கருங்கல் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கால் கழுவும்போதுதான் என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கணக்கெடுக்கிறார்களாம், எல்லாம் கேட்டுப் பதிந்துகொண்டு போனார்களாம்.

“எனக்க தொழில் என்னன்னு கேட்டாவளா?”

“கேட்டாவ. வீட்டுல இருக்கான்னு சொன்னேன்.”

எனக்கு வந்ததே கோபம்! வீட்டில் இருக்கிறவள் தலையில் மீன் நாறும் ஓலைக் கடவப் பெட்டியோடு எதற்கு பஸ்ஸில் கண்டக்டரிடம் ஏச்சு வாங்குகிறாள்? அவர் சிரித்துக்கொண்டே, “ஏட்டி, அது சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறது, விடு” என்றார். நான் விட்டேன். அன்றைக்குப் பசி வேறு.

எங்கள் ஊர் கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடற்கரை. ஆனி, ஆடியில் அலை வள்ளத்தைப் புரட்டிப்போடும். துறைமுகம் வேண்டும் என்று ஊரே கேட்டது, நானும்தான் கேட்டேன். என் வீட்டுக்காரரின் வள்ளம் ஒருமுறை கவிழ்ந்து, அவர் நீந்திக் கரை சேரும்வரை மாதா கோயில் படியில் மண்டியிட்டுக் கிடந்தவள் நான். எனக்குத் தகராறு துறைமுகத்தோடு இல்லை, அதற்குப் போடும் ரோட்டோடு. கோயிலுக்குத் தெற்கே உள்ள மணல் மேல் அந்த ரோடு வருகிறது. அந்த மணலில்தான் நாங்கள் கருவாடு காயப்போடுகிறோம். சந்தையில் தங்கிப்போன மீனும், மலிவாக வாங்கின நெத்தோலியும் அங்கே காய்ந்துதான் காசாகும். என் மகள் நர்சிங் படிக்கிறாள் என்றால் அந்த மணல்தான் படிக்க வைக்கிறது. கோயிலுக்கு வடக்கே வெறும் முள்காடு கிடக்கிறது, ரோட்டை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டால் யாருக்கும் கேடில்லை.

கணக்கெடுக்க வந்தவர்களில் ஒரே ஒரு இளம்பெண் மட்டும் மறுநாள் மணலுக்கு இறங்கி வந்தாள். மதுரைப் பக்கத்துக்காரி. குளச்சலிலிருந்து கருவாடு வாங்க வரும் அக்காவும் அன்று அங்கே இருந்தாள். துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, “நான் துலுக்கச்சி, இந்த ஊருக்காரியும் இல்ல. எனக்க பேரெல்லாம் எழுதுவியளா?” என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. ஊர்க்காரர்களை மட்டும்தான் பதியச் சொன்னார்களாம். “அக்கா, கருத்துக் கேட்புக் கூட்டம் வருது. எல்லாரும் வந்து பேசுங்க, அங்க பேசுறதுதான் பதிவுல நிக்கும்” என்றாள்.

கூட்டத்தை வைத்ததோ காலையில், நாங்கள் சந்தைக்குப் போகிற நேரத்தில். பரவாயில்லை, ஒரு நாள் வியாபாரம் போகட்டும் என்று வெறும் கடவத்தோடு நேரே கடற்கரையிலிருந்து போனோம். ஹாலில் நாற்காலி எல்லாம் ஆண்களுக்கு. என் வீட்டுக்காரர் ஊர்க் கமிட்டிக்காரர், முன்வரிசை. நாங்கள் பின்னால் சுவரோடு நின்றோம். எங்களைத் தாண்டிப் போன ஒருவர் மூக்கைக் கைக்குட்டையால் மூடினார். ஏன், மத்தியானம் மீன்குழம்பு இல்லாமலா சாப்பிடப் போகிறார்?

நான்தான் பேசினேன். மணலைப் பற்றிச் சொன்னேன், ரோட்டை வடக்கே போடச் சொன்னேன். மேடையிலிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். பிறகு மைக்கைப் பிடித்து, “பெண்கள் கவலைப்பட வேண்டாம். உங்களுக்குத் தையல் பயிற்சி உண்டு, ஊறுகாய் போடவும் சொல்லித் தருவோம்” என்றார்.

ஊறுகாய்! மாதாவே! நான் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன், அவள் குளச்சல் அக்காவைப் பார்த்தாள். கடவத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் வெளியே நடந்தோம்.

இதற்கு எங்கள் கடற்கரையில் என்ன அர்த்தம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஏலத்தில் சொன்ன விலை கட்டாது என்றால் நாங்கள் வாதாட மாட்டோம். கடவத்தை எடுத்துக்கொண்டு நடப்போம். ஏலக்காரர் பின்னாலேயே, “வாங்கட்டி, வாங்க, பேசுவோம்” என்று கூப்பிடுவார். திரும்பி வந்து நாங்கள் கட்டுகிற விலையைச் சொல்லுவோம். கூப்பிடாத ஏலத்தை நான் கண்டதில்லை.

ஹாலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றோம். இப்போது கூப்பிடுவார்கள், இப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றோம். உள்ளே கைதட்டல் கேட்டது. மதுரைப் பெண் ஓடி வந்தாள்.

“ஏன்க்கா கிளம்பிட்டீங்க? பெண்கள் தரப்பு பதிலை ஏத்துக்கிட்டு, ஆட்சேபம் இல்லாம போயிட்டதா வாசிச்சுட்டாங்க.”

“ஆட்சேபம் இல்லன்னா? ஆட்சேபம் இருக்கப்போய்தானே நடந்தோம்!”

அவள் விழித்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த அதிகாரிக்குத்தான் எப்படித் தெரியும்? அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளே நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார்களே எங்கள் ஊர் ஆண்கள், அவர்கள் மேல்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “நாங்க எதுக்குப் போறோம்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “தெரியும்.”

“பின்ன வாயில என்ன கெடந்தது?”

“ரோட்டை மாத்துன்னு சொன்னா துறைமுகமே மொத்தமா நின்னு போயிருமோன்னு எல்லாருக்கும் பயம்ட்டி. அலையில கெடக்கது நாங்கதானே.”

அது பொய்யில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது. அழுதேன், அடுப்பை மூட்டினேன், அவருக்குச் சோறும் போட்டேன்.

மறுநாள் காலை அவர் வள்ளத்தில் நல்ல நெத்தோலி. கணவாயும் இறாலும் என்றால் கம்பெனி வண்டி எடுக்கும், நெத்தோலிக்கு நாங்கள்தான் கதி. ஏலக்காரர் விலை சொன்னார். நியாயமான விலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கடவத்தை எடுத்தேன். எனக்குப் பின்னால் எல்லோரும் எடுத்தார்கள். குளச்சல் அக்காவும் எடுத்தாள். நடந்தோம்.

“ஏட்டி, இந்த வெலைக்கு என்னட்டி கொறச்சல்?” என்று ஏலக்காரர் கத்தினார். நாங்கள் நடையை நிறுத்தவில்லை. வெயில் ஏற ஏற நெத்தோலி வயிறு வெடிக்கும். தெற்கு மணலைத் தாண்டும்போது பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர்.

“வாங்கட்டி, பேசுவோம்.”

“வெலை கொள்ளாம், நல்ல வெலைதான். வேற என்ன பேசணும்?”

அவர் மணலைப் பார்த்தார். கடற்கரை முழுக்க எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது.

“நேத்து நீங்க போனது எதிர்ப்புதான், எங்களுக்கு அது தெரியும்னு அதிகாரிகிட்ட கமிட்டியா போய்ச் சொல்லுதோம். ரோடு வடக்க போகட்டும்னும் சொல்லுதோம்.”

“எப்பம்?”

“இன்னைக்கே.”

“இவியளும் கூட வரணும்” என்று குளச்சல் அக்காவைக் காட்டினேன்.

“வரட்டும்.”

நான் கடவத்தை இறக்கி வைத்தேன்.