அருவிக்கரையில் இரண்டு தாயத்துகள்

குற்றாலத்து அருவியின் முன்னால் ஓர் அடி முன்னும் இரண்டு அடி பின்னுமாக நிற்கிறேன். தண்ணீரில் எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று மனைவி கழுத்தில் கட்டிவிட்ட வெள்ளிக் கூட்டுக்குள், கையால் எழுதிய கட்டைவிரல் அளவு குர்ஆன் இருக்கிறது. அது நனையக் கூடாது. ஆகவே, அருவிக்குள் நுழையுமுன் என் காவலையே கழற்றியாக வேண்டும். தென்காசியில் ஜட்கா வண்டி ஏறும்போது இது எனக்குத் தோன்றவில்லை.

பாறையில் உட்கார்ந்திருக்கும், எனக்குத் தெரிந்த கடையநல்லூர் ஜவுளி வியாபாரியிடம் போகிறேன். "அண்ணே, குர்ஆனைத் தொடுற மாதிரி கைகால் கழுவி ஒளுவோட இருக்கீங்களா? இதைக் கொஞ்சம் வச்சுக்கங்க."

"நானும் இதைக் கொடுக்கத்தான் காலையிலேருந்து ஆள் தேடுதேன்," என்று சட்டைக்குள்ளிருந்து தம் கூட்டைக் காட்டுகிறார்.

எனக்கு உயிர் வருகிறது. "அப்ப நீங்க முதல்ல குளிங்க."

"வெளியூர்லேருந்து வந்த விருந்தாளிய விட்டுட்டா? நீங்க போங்க."

"சேச்சே, வயசுல பெரியவர் நீங்க."

வெயில் சாய்கிறது. தலையில் தேய்த்த எண்ணெய் காதுவரை வழிந்துவிட்டது. நாங்கள் இன்னும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருக்கிறோம்.