நான் இல்லாத வாட்டு

இந்த நாட்டில் வேலைக்கு முந்தி வருவதையும் ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். மெல்பேணில், கிளேட்டன் பக்கம் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில், டொக்டர்மார் கட்டில் கட்டிலாக நோயாளிகளைப் பார்த்துப் போகும் காலைச் சுற்றுக்கு வெகு முன்னரே வாட்டுக்குள் நுழைந்தால் தாதி கேரன் கடிகாரத்தைப் பார்ப்பாள். "உன் நேரம் இன்னும் தொடங்கவில்லையே, டார்லிங். போய் ஒரு கோப்பி குடி" என்பாள். அன்பாகச் சொல்கிறாள் என்று சிரித்துவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். அவள் என்னைத் தடுக்கப் பார்த்தாள் என்று விளங்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுதும் தேவைப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் நான் பொது மருத்துவ நிபுணர். இங்கேயும் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஏற்றது ஏற்றபடி இருந்துவிடாது. ஆண்டுதோறும் ஆஸ்பத்திரியில் ஏதாவதொன்றை மேம்படுத்திக் காட்ட வேண்டும். 'குவாலிட்டி இம்ப்ரூவ்மென்ட்' என்று அதற்குப் பெயர். காட்டாவிட்டால் அங்கீகாரம் போகும், அங்கீகாரம் போனால் வேலை, வேலை போனால் விசா, விசாவோடு மகளின் பள்ளிக்கூடமும். இந்த 2012இல் நான் எடுத்தது சின்ன விஷயம். எழும்ப முடியாமல் படுத்திருப்பவர்களுக்குக் காலில் இரத்தம் கட்டியாகாமல் வயிற்றுத் தோலில் ஓர் ஊசி போடுவோம். வேலை நெருக்கடியில் இளம் டொக்டர்மார் அதை எழுத மறந்துவிடுவார்கள். மறக்காமல் எழுத வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். முந்தி வந்து மருந்துத் தாள்களைப் புரட்டி, விடுபட்டதை நானே எழுதிவிட்டுப் போனேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. யாழ்ப்பாணத்தில் நான் படித்து முடித்த புதிதில், என் பெரிய டொக்டர் ஒரு சின்னப் பிழைக்கு முழு வாட்டும் கேட்க என்னை ஏசினார். அதற்குப் பிறகு நாடி பிடிக்கக் கை தருவதற்கே நோயாளிகள் யோசித்தார்கள். நான் நிபுணராகி ஒரு வாட்டைப் பொறுப்பெடுத்தபோது, அங்கே அந்த ஏச்சு கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்கவுமில்லை. மின்சாரமும் மருந்தும் எப்போது வரும் என்று தெரியாத அந்தக் காலத்தில், பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்தித் திருத்தியே வாட்டை ஓட்டினேன். நான் இல்லாவிட்டால் அது நின்றுவிடும் என்று உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

மெல்பேணிலும் ஊசிக் கணக்கு ஏறியது. என்னை மேற்பார்வை செய்யும் டேவிட், வாராவாரம் அந்தக் கணக்கைக் கோடாகக் காட்டும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "யூ ஆர் அ ஸ்டார்" என்றார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"அப்ப பாஸ்தானே?"

"ஓம், பாஸ்தான்."

அந்த நேரத்தில்தான் அம்மாவுக்கு நியூமோனியா என்று செய்தி வந்தது. லீவு போட்டுக்கொண்டு ஓடினேன். அம்மா கிடந்தது என்னுடைய பழைய வாட்டில். சுவருக்குப் புது வர்ணம், தண்ணீர் ஒழுங்காக வந்தது. நான் பழக்க தோஷத்தில் அம்மாவின் மருந்துத் தாளை எடுத்தேன். மிஸி, அதுதான் தாதி, ஓடி வந்தாள்.

"அன்ரி, அதைத் தொடாதேங்கோ. கொஞ்சம் வெளியில நில்லுங்கோ, டொக்டர் வாறா."

நான் யாரென்று சொல்லலாம்தான். சொல்லி என்ன ஆகப்போகிறது? வெளியில் நின்றேன். அம்மா தேறி வீட்டுக்கு வந்தபோது, "பிள்ளை, உன்ர வாட்டு இப்ப நல்லா நடக்குது" என்றா. சந்தோசமாகத்தான் சொன்னா. எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்தபோது டேவிட் கணினியில் அதே வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தார். நான் விமானம் ஏறிய வாரத்திலிருந்து கோடு கீழே விழுந்து கிடந்தது.

"வாட்டு முன்னேறவில்லை. எல்லாம் நீங்கள்தான்" என்றார்.

"தாங்க் யூ" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அது பாராட்டில்லை என்று விளங்கியது. ஒரு ஆள் போனதும் விழுகிற வேலையை இங்கே மேம்பாடு என்று எடுக்கமாட்டார்களாம். நான் மறைவில் திருத்தியதால், தாங்கள் மறந்தோம் என்பதே அந்த இளம் டொக்டர்மாருக்குத் தெரியாமல் போயிற்றாம். சொன்னது முழுக்கச் சரி, அதுதான் தாங்க முடியவில்லை. இன்னொரு தவணை தந்தார். இனி முந்தி வந்து தாள்களைத் தொடக்கூடாது. சுற்றில் ஒவ்வொரு கட்டிலடியிலும் யாராவது ஒருவர் "ஊசி எழுதியாச்சா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். மறந்தவர் எல்லோர் முன்னிலையிலும் எழுதுவார். கேட்டார்களா இல்லையா என்று சுற்றில் கூட வரும் மருந்தாளர் குறித்துக்கொள்வார். இதுவும் தவறினால் அங்கீகாரத்துக்குத் தன்னால் கையெழுத்து வைக்க முடியாது என்றார்.

"ஒரு கேள்விதானே, கேட்டுவிடுமன்" என்றார் கணவர். அவருக்கு அது ஒரு கேள்வி.

நேற்றுக் காலைச் சுற்று. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு கிரேக்கக் கிழவி. இளம் டொக்டர் ஜோஷ் அவவின் கதையைச் சொல்லி முடித்தான். நல்ல பிள்ளை, கிழவிக்கும் அவனில் நம்பிக்கை, அவனுடைய கையைப் பிடித்தபடியே கிடந்தா. தாளில் ஊசிக்குரிய இடம் வெறுமையாக இருந்தது எனக்குத் தெரிந்தது. யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். கேரனின் போன் அடித்தது. மருந்தாளர் என் முகத்தைப் பார்த்தார், கேள் என்பதைப்போல. கேள்வி நாக்கு வரை வந்தது. கிழவி பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. சுற்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

நான் போகவில்லை. பேனையை எடுத்து அந்த ஊசியை எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். நிமிர்ந்தபோது மருந்தாளர் தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். அடுத்த கட்டிலடியில் எனக்கென்று ஓர் இடம் விட்டு எல்லோரும் காத்து நின்றார்கள். ஜோஷின் கையை விட்டிருந்த கிழவி என்னைப் பார்த்து, "அவர்கள் உங்களைக் கூப்பிடுகிறார்கள், டொக்டர்" என்றா.