அத்தையின் இங்கிலீஷ்

எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இருந்ததால்தான் நாமக்கல்லுக்கும் ஜப்பானுக்கும் உறவு பலப்பட்டது. சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் நடந்தது அதுதான். அத்தை படித்த மகளிர் கல்லூரிக்கும் ஜப்பானில் இருந்த ஏதோ ஒரு கல்லூரிக்கும் ஒப்பந்தம் ஆகியிருந்தது. அங்கிருந்து ஒரு பேராசிரியை வருவார், மாணவி ஒருத்தியின் வீட்டில் சில நாட்கள் தங்கி நம் வாழ்க்கையைப் பார்ப்பார், பிறகு இங்கிருந்து ஒரு மாணவி அங்கே போய் ஒரு வருடம் படிப்பாள். யார் வீட்டில் தங்கவைப்பது என்று பேச்சு வந்தபோது கல்லூரி முதல்வர் அம்மா முதலில் விசாரித்தது டாய்லெட்டைத்தான். முழங்கால் மடக்க முடியாமல் போன தாத்தாவுக்காக அப்பா கட்டியது எங்கள் வீட்டில் இருந்தது. தாத்தா அதைக் கொஞ்ச காலம் பயன்படுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது நானே பெங்களூரில் ஒரு கல்லூரியில், வெளிநாட்டு மாணவர்களை வரவேற்று வழியனுப்பும் வேலையில் இருக்கிறேன். குத்துவிளக்கு, சால்வை, பின்னால் 'இரு நாட்டு நல்லுறவு' என்று ஒரு பேனர். மேடை ஏறுகிற ஒவ்வொருவரும் கல்விதான் நாடுகளை இணைக்கும் பாலம் என்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது. யாராவது பாலம் என்றாலே எனக்கு எங்கள் பண்ணையின் கோழி எரு வாசம்தான் மூக்கில் ஏறுகிறது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை, கல்லூரியில் கடைசி வருடம். மாலையில் கல்லூரி பஸ்ஸில் வந்து இறங்கியதும் புடவையைச் செருகிக்கொண்டு பண்ணையில் முட்டை அட்டை அடுக்கப் போய்விடுவார். அடுக்கும்போது இச்சி, நி, சன் என்று ஜப்பானிய மொழியில் எண்ணுவார். எங்கிருந்தோ ஒரு சி.டி. வாங்கிவந்து, தீவன மூட்டைகள் கிடக்கும் அறையில் வைத்துக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. ஜப்பானுக்குப் போகிற அந்த ஒருத்தி தானாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஏனென்றால் காந்தம் வைத்த பென்சில் பாக்ஸ் வாங்கிவருவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தெரியாதவர் அப்பா மட்டும்தான். தாத்தா போனபிறகு வீட்டில் எதற்கும் சரி என்றோ இல்லை என்றோ சொல்லவேண்டியவரும் அவர்தான். போதாததற்கு, திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒரு வீட்டார் அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா அவர்களுக்கு ஏறக்குறைய வாக்குக் கொடுத்திருந்தார்.

பேராசிரியை வந்து சேர்ந்தது நல்ல பங்குனி வெயிலில். கோழிகளெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும் காலம். கூரைமேல் தண்ணீர் தெளித்துத் தெளித்து அப்பாவுக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. அம்மா விருந்துச் சமையலில் வெந்துகொண்டிருந்தார். பேராசிரியையோ பார்த்தவர்களுக்கெல்லாம் இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொன்னார். கறந்த பாலோடு வந்த ஆளுக்கும் அதே குனிவு. பாவம், அவர் செம்பைக் கீழே வைப்பதா, தானும் குனிவதா என்று தெரியாமல் தவித்துப்போனார்.

எல்லோரையும்விட அத்தையின் பாடுதான் பெரும்பாடு. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அந்தப் பக்கம் இங்கிலீஷிலும் இந்தப் பக்கம் தமிழிலும் பேச வேண்டும். தொண்டை கட்டி, வெந்நீரை வைத்துக்கொண்டு பேசினார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, "ஏனுங் அம்மிணி, இந்தம்மாவுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?" என்பதுதான்.

அத்தை பேராசிரியை பக்கம் திரும்பவே இல்லை. "ஆயிருச்சுங்க" என்றார்.

"கொழந்தைக?"

"ரெண்டுங்க."

பெரியம்மா நிம்மதியாகக் காப்பி குடித்தார். பேராசிரியை இதெல்லாம் தெரியாமல் புன்னகைத்தார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று முதல்நாள்தான் எங்களிடம் சொல்லியிருந்தார். அத்தை ஏன் பொய் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. ஒருவர் மனமும் கோணாமல் அந்தச் சில நாட்களைக் கடத்திவிட வேண்டும் என்று அவர் அவ்வளவு பயந்திருந்தார்.

மூன்றாவது நாள் பண்ணையைப் பார்க்க ஏற்பாடானது. கோழிக் காய்ச்சல் பயம் வந்ததிலிருந்து அப்பா யாரையும் சும்மா உள்ளே விடுவதில்லை. வெளியாள் யாராக இருந்தாலும் தலைக்குக் குளிக்க வேண்டும், எங்கள் வீட்டுத் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் மருந்து கரைத்த ஊதாத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஜப்பானுக்கும் அதே சட்டம்தான். பேராசிரியை குளித்து, அம்மாவின் நைட்டியைப் போட்டு, மேலே ஒரு துண்டையும் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு பயபக்தியாக வந்தார். தொட்டியில் கால் நனைத்தார். நிமிர்ந்தால் எதிரே, முதல் ஷெட்டின் சுவரில், மஞ்சளும் குங்குமமுமாக எங்கள் பிள்ளையார் மாடம்.

குளியல், மாற்றுத் துணி, வெறுங்கால், கால் நனைக்கத் தண்ணீர், எதிரே சாமி. இது கோயில்தான் என்று முடிவுகட்ட அதற்குமேல் என்ன வேண்டும்? தங்கள் ஊர்க் கோயிலில் எப்படிக் கும்பிடுவார்களோ அப்படியே கும்பிட்டார். இரண்டு தடவை குனிந்தார். பிறகு உள்ளங்கைகள் இரண்டையும் அகலமாக விரித்துப் பளீர் பளீரென்று இரண்டு தட்டுத் தட்டினார்.

முட்டைக் கோழிக்குச் சத்தம் ஆகாது. தட்டு விழுந்தால்கூட மிரண்டுவிடும் என்று நாங்கள் அந்தப் பக்கம் குசுகுசுவென்றுதான் பேசுவோம். முதல் ஷெட் முழுக்க ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு எழுந்தது. கூண்டுக் கம்பிகள் அதிர்ந்தன, இறகும் தூசியும் பறந்தன, முன்தட்டில் கிடந்த முட்டைகள் உருண்டு பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஒரு ஷெட்டைப் பார்த்து அடுத்த ஷெட் கத்தியது. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"கும்புடறதுன்னா சத்தமில்லாமக் கும்புடச் சொல்லு, அம்மிணி" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அத்தை அதை எப்படிச் சொன்னாரோ, பேராசிரியையின் முகம் பூரித்துப்போயிற்று. அப்பாவைப் பார்த்துக் குனிந்தார், பிள்ளையாரைப் பார்த்துக் குனிந்தார், மறுபடியும் கைகளை விரித்தார். அத்தை பாய்ந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கூட வந்திருந்த கல்லூரி ஆள் அந்தச் சமயத்தில் சரியாக ஒரு போட்டோ எடுத்தார். கைகோத்த இரு நாடுகள் என்று எழுதி அது அந்த வருடக் கல்லூரி மலரில் வந்தது. உற்றுப் பார்த்தால் பின்னால் அப்பாவின் முகம் தெரியும்.

அடுத்த நாள் மாலை எல்லோரும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலை விருந்தாளி புறப்படுகிறார். பேசுவதற்கு யாரிடமும் தெம்பு மிச்சமில்லை. அத்தை தட்டில் டீ டம்ளர்களோடு வந்து நின்றார். பேராசிரியை அவரைப் பார்த்து மெதுவாக, நிறுத்தி நிறுத்தி ஏதோ சொன்னார். பேராசிரியை அப்பாவைக் காட்டி, சொல், சொல் என்பதுபோலத் தலையசைத்தார்.

"அண்ணா, இவங்க காலேஜ்ல ஒரு புள்ளைய ஒரு வருசத்துக்குக் கேக்கறாங்க. செலவெல்லாம் அவங்களே பாத்துக்கறாங்களாம்."

"நல்லதுதானே. எந்தப் புள்ளைய?"

அத்தை டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னையத்தானுங்கண்ணா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவருக்குக் கோபம்கூட இல்லை, முட்டை உடைந்ததையெல்லாம் மறந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நாள் முழுக்கச் சுமை இறக்கியவர் குரலில் சொன்னார்.

"ஆவாதுன்னு சொல்லு."

அத்தை தட்டைக் கீழே வைத்தார். பேராசிரியை பக்கம் திரும்பி, இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை அப்பாவைக் காட்டினார், ஒருமுறை என் தலையைத் தடவினார், ஒருமுறை சிரித்தார். தேங்க்யூ என்ற சொல் மட்டும் எனக்குத் தெரிந்தது, அது பலமுறை வந்தது. அத்தை முடித்தபோது பேராசிரியை எழுந்து அப்பாவின் முன்னால் வந்து, கண் கலங்க, இதுவரை குனிந்ததிலேயே ஆழமாகக் குனிந்தார். அப்பா பதறிப்போய் எழுந்து, வளையாத முதுகைத் தன்னால் முடிந்தவரை வளைத்துத் தானும் குனிந்தார்.

வைகாசியில் அத்தைக்குத் திருச்செங்கோட்டில் கல்யாணம் நடந்தது. ஜப்பானுக்கு வேறொரு பெண் போனாள். அன்று என்ன சொன்னீர்கள் என்று வளர்ந்து பெரியவளாகி வேலைக்கு வந்தபிறகு நான் கேட்டிருக்கிறேன். மறந்துபோச்சு என்கிறார். அந்த மாதிரிப் பேச்சை நானும் சம்பளத்துக்குப் பேசுகிறேன் என்பதால், அதற்குமேல் கேட்பதில்லை.

அன்றைக்கோ எனக்கு ஒரே வியப்பு. விருந்தாளி தூங்கப் போனதும் சமையலறைக்கு ஓடினேன். அத்தை தொட்டியருகே உட்கார்ந்து டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்த, ஆவாதுங்கறதுக்கு இங்கிலீஷ்ல அத்தன நீளமா?"

"ஆமா சாமி. ரொம்ப நீளம்."

"எனக்கும் சொல்லிக்குடுங்க."

அத்தை கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினார். "உனக்கு அது வேண்டாஞ் சாமி" என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டிலேயே இங்கிலீஷ் தெரிந்தவர் அத்தை ஒருவர்தான், அதைக்கூட எனக்குக் கொடுக்க மனசு வரவில்லையே என்று நினைத்தேன். இவ்வளவு கருமியிடம் இனி பேச்சே கிடையாது என்று முடிவுசெய்து, பென்சில் பாக்ஸும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.